பார்சலில் அந்த மாத்திரை வராது

அன்புள்ள கண்ணுக்கு,

சளிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு அட்டை வைக்கச் சொன்னாயாம். பருப்புப்பொடி, ஊறுகாய், சுக்கு எல்லாம் வரும். அது வராது. “சொந்த மெடிக்கல் இருந்தும் பெத்த பிள்ளைக்குக் கொடுக்க மனசில்லை” என்று அம்மா காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை.

ஜெர்மனி டாக்டர் டீ குடி, ஓய்வெடு என்று அனுப்பிவிட்டதில் உனக்குக் கோபம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சளி, தடுமல் எல்லாம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸை அது தொடாது. சளி பச்சையாக வருவதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்லிவிட முடியாது. போன தடவை மாத்திரை போட்டதும் சரியானது என்கிறாய். போடாவிட்டாலும் சரியாகியிருக்கும், நல்ல பெயரை மாத்திரை வாங்கிக்கொண்டது.

அது சும்மாவும் போகாது. வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கும். தப்பிப் பிழைத்தது பெருகும், மருந்தை எதிர்க்கும் திறனை வேறு கிருமிக்கும் கைமாற்றும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் இதே மருந்து கேட்காமல் போகலாம்.

கடையில் தினமும் இதே பாடுதான். “ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்கண்ணே” என்பார்கள், சீட்டு இருக்காது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016-இல் அரசே பிரசாரம் செய்தது. கோட்டை யார் பார்க்கிறார்கள்? செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருப்பதால், விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கவும் செய்கிறது, அதுதான் எரிச்சல். கேரளத்தில் ஆன்டிபயாடிக்கைத் தனியாக நீலக் கவரில் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனை, கையில் இருப்பது சாதா மாத்திரை இல்லை என்றாவது தெரியும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், யார் வேண்டுமானாலும் கடையில் அதை வாங்கி, அளவு தெரியாமல் குறைவாகப் போட்டுக் கிருமியைப் பழக்கிவிடும் காலம் வரலாம் என்று 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். எங்கள் கடைத்தெருவை நேரில் பார்த்தவர் போலப் பேசியிருக்கிறார் மனுஷன்.

சரி, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோ திரும்ப டாக்டரிடம் போ. அவரே எழுதிக் கொடுத்தால் சொன்ன வேளைக்கு, சொன்ன நாள் வரை போடு. மிச்சம் பிடித்து ரூம் தோழிக்குக் கொடுக்காதே.

அப்புறம், போகும்போது அம்மா பெட்டியில் திணித்த பழைய அட்டை இருக்கிறதல்லவா, அதைக் கழிப்பறையில் கொட்டாதே. எங்கே போடுவது என்று அங்குள்ள மருந்துக் கடையில் கேள்.

அன்புடன்,
அப்பா