மடிக்கிற சைக்கிளும் திருமலை உப்புக்காற்றும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம், உன் நலமறிய ஆவல். திருகோணமலையில் உன் உப்புவெளி அறையிலிருந்து ரவுணுக்குள் கந்தோருக்குப் போய்வர மடிக்கிற சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்கு. நிலாவெளி வீதியில் அந்தத் தூரம் உனக்குப் பெரிதில்லை. மார்கழி மழை பிடித்தால் மடித்து பஸ்ஸில் ஏற்றலாம், கந்தோரில் மேசைக்குக் கீழே வைக்கலாம். ஆனால் அதன் மூட்டுகளைக் கவனிக்கப் பழகிக்கொண்டுதான் ஏறவேண்டும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்க முன்னம் ரயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார். 20 அங்குலம் என்று சொல்லி இரண்டு அளவு விற்கிறார்கள். 47-406 என்பதுபோல 406 என்று முடிந்தால் எடு. பிள்ளைகளின் பிஎம்எக்ஸ் சைக்கிளுக்குப் போடுகிற அளவு அதுதான், ரயரும் ரியூப்பும் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 451 என்று இருந்தால் ரயர் தேடி அலைவாய். பிரொம்ப்டன் போன்ற மடிக்கிற சைக்கிளின் 16 அங்குலச் சில்லுக்கு 349. அதற்கும் இதே கரைச்சல். வால்வு மோட்டார் சைக்கிளில் உள்ள தடித்த மாதிரியாக இருந்தால் எந்த மோட்டார் சைக்கிள் கராஜிலும் காற்று அடிக்கலாம். சின்ன ரயருக்குள் காற்று கொஞ்சம்தான், அதனால் இறங்குவதும் கெதியாகத் தெரியும். உன் நிறைக்கு காற்றழுத்தம் பின்னுக்கு 50, முன்னுக்கு 45 பிஎஸ்ஐ போதும். ரயரில் போட்டிருக்கிற எல்லைக்குள் அது வருகிறதா என்று பார்த்துக்கொள். வாரம் ஒருதடவை அடி.

இனி மூட்டு. சட்டத்தின் நடுவில் ஒன்று, ஹாண்டில் தண்டின் அடியில் ஒன்று. இரண்டாவதுதான் எனக்குப் பயம்: ஓடும்போது அது திறந்தால் ஹாண்டில் கையோடு வந்துவிடும். லீவரை மூடும்போது பாதித் தூரத்தில் இறுக்கம் தெரியத் தொடங்கவேண்டும், உள்ளங்கையால் அழுத்தினால் மூடவேண்டும். ஒரு விரலால் மூடினால் தளர்வு. உடம்பைச் சாய்த்துத் தள்ளவேண்டி வந்தால் அளவுக்கு மிஞ்சிய இறுக்கம், அது லீவரையே ஒருநாள் உடைக்கும். இறுக்குகிற நட்டைக் கால் சுற்றுத் திருப்பி, மூடிப் பார்த்து, தேவையென்றால் இன்னும் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே தடவையில் போகாதே. லீவர் மூடியபிறகு பாதுகாப்புக் கொளுக்கியும் விழுந்ததா என்று கையால் தொட்டுப் பார்.

காலையில் ஏற முன்னம் முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளு. ‘டிக்’ என்று கேட்டால், மற்றக் கை விரலை மூட்டின் இடைவெளியில் வைத்துத் திரும்பத் தள்ளு. ஆட்டம் எந்த மூட்டில் என்று விரலுக்குத் தெரியும். கழுவித் துடைக்கும்போது மூட்டுக்குப் பக்கத்து வெல்டிங்கையும் பார். பெயின்ற்றில் மயிர்போல ஒரு கோடு கண்டால் அதற்குப் பிறகு ஓடாதே. அலுமினியச் சட்டத்தை ஊர்ப் பட்டறையில் ஒட்டி ஓட்டுவதும் வேண்டாம்.

ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் எழும்பி நின்று மிதிக்காதே. நீ ஹாண்டிலை இழுக்கிற இழுவை முழுக்க அந்த நீளத் தண்டின் அடியில்தான் போய் விழும். கியரைக் குறைத்து இருந்தபடியே ஏறு, முடியாவிட்டால் இறங்கித் தள்ளு.

சீற் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும். அது குழாய்க்கு வெளியே தெரியக்கூடாது. தண்டுக்கு கிறீஸ் பூசினால் சீற் வழுக்கி இறங்கும். கடற்கரை மண் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு இறக்கு, இல்லாவிட்டால் குழாயை உள்ளே அராவிவிடும்.

மடிக்க முன்னம் கியரைப் பின் பல்லுச்சக்கரங்களில் ஆகப் பெரியதுக்கு மாற்று. அப்போதுதான் பின் சில்லுக்குப் பக்கத்தில் தொங்குகிற கியர் மாற்றி உள்ளே ஒதுங்கும். பிறகு பெடல், சட்டம், ஹாண்டில், கடைசியாக சீற். வண்டியைப் பொறுத்து ஹாண்டில் முதலில் மடியும். வயர்கள் மூட்டுக்குள் நசியாமல் பார். பஸ்ஸில் படுக்கப் போடுவதானால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கீழே போட்டால் கியர் மாற்றி வளையும். வளைந்ததை அறியாமல் ஏற்றத்தில் கியரைக் குறைத்தால் அது போய் கம்பிக்குள் சிக்கும்.

திருமலை உப்புக்காற்றுக்குச் செயின்தான் முதல் பலி, பிறகு நட்டும் போல்ட்டும். வாரம் ஒருதடவை வாளித் தண்ணீரில் துணி நனைத்துத் துடை, காயவிடு. செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, மேலே நிற்கிறதைத் துடைத்துவிடு. எண்ணெய் ஊறினால் மண்ணைத்தான் பிடிக்கும். மூட்டுப் போல்ட்டுகளுக்குச் சொட்டுக் கிறீஸ்.

சின்னச் சில்லு குழிக்குள் சட்டென்று விழும், ஹாண்டிலும் பொசுக்கென்று திரும்பும். ஒருகையால் ஓட்டாதே, ஹாண்டிலில் பை தொங்கவிடாதே. கந்தோருக்குச் சாறி என்றால் அங்கே போய் உடுத்து. பின் சில்லு பதிவாக இருப்பதால் முந்தானை சுலபமாகச் சிக்கும். இருட்டினால் ரவுணுக்குள் மாடும் மானும் குறுக்கே வரும், முன் லைற் பிரகாசமாக இருக்கவேண்டும். பின் லைற்றைப் பை மறைக்காத இடத்தில் பூட்டு.

வாங்கியதும் ரயர் எண்ணையும் வால்வு எந்த மாதிரி என்பதையும் எழுது. மேலதிக ரியூப் இரண்டும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் இங்கிருந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா