ஆசாரி கடைத் தராசும் உன் மலிவுப் பெட்ரோலும்

பீடோங், கெடா

அன்புள்ள மணியத்துக்கு,

தீபாவளிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து உன் விமானத்தைப் பற்றி நீ எழுதிய கடிதத்துக்குத் தைப்பூசம் கழிந்த பிறகு பதில் எழுதுகிறேன். சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. என் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லாரும் நலம். பழைய கிராணியார் வீட்டை இடித்துவிட்டார்கள். கொய்யா மரத்தை மட்டும் ஏனோ விட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் உன் இடது கால் ஞாபகத்துக்கு வருகிறது.

மூன்று வாரமாக நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடைசி லயத்து மண்டோரின் பேரன், பழைய ஸ்டோர் கொட்டகைக்குள் இரண்டு பேர் அமரக்கூடிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறான். அது இன்னும் தரையில்தான் நிற்கிறது. அனுமதித் தாள்கள் வந்தால்தான் எழும். கைமாறி வந்த பழைய இயந்திரம். நான்கு உருளை (சிலிண்டர்), பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர். அதை ஓட்டிப் பார்க்க என்னை அழைத்தான். முப்பது வருடம் தோட்டத்து லாரியும் டிராக்டரும் பார்த்த கையோடு நானும் மிடுக்காகப் போய் நின்றேன்.

வேகத்தைக் கூட்டினால் இயந்திரம் தேன் போல ஓடியது. குறைத்தால் குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல நடுங்கியது. கேட்ட மாத்திரத்தில் "பெட்ரோல் கெட்டுப் போயிருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நான்கு மாதமாகத் தோம்பில் கிடந்த பெட்ரோல். யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? அதை வடித்துவிட்டு, ஆக்டேன் 97 புதிதாக வாங்கி ஊற்றினோம். அதே நடுக்கம். வடிகட்டியை மாற்றினோம். அதே நடுக்கம். அடுத்த சனிக்கிழமை தீப்பொறியைச் சந்தேகித்தேன். ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பிளக்குகள், தனித்தனியாக இரண்டு தீப்பொறி அமைப்புகள் இருப்பது உனக்குத் தெரியும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் வைத்து ஒன்றை அணைத்தும் மற்றதை அணைத்தும் பார்த்தோம். இரண்டு முறையும் கையேடு அனுமதிக்கும் 300 சுற்றுக்குள்தான் வேகம் குறைந்தது. தீப்பொறியில் குற்றமில்லை.

மூன்றாவது சனிக்கிழமைதான் பிளக்குகளைக் கழற்றி, பழைய செய்தித்தாளின்மேல் வரிசையாக அடுக்கினேன். வலப்பக்கத்து நான்கும் பால் கலந்த கோப்பி நிறம். இடப்பக்கத்து நான்கும் அடுப்புக்கரி. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், மணியம், எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தொட்டி, ஒரே பெட்ரோல். பெட்ரோல்தான் குற்றவாளி என்றால் ஒரு பக்கம் மட்டும் எப்படிக் கறுக்கும்? இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இடப்பக்கக் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, அதில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகள் இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கையேடு. அந்தக் கணக்குக்குத் தராசு எங்கே இருக்கிறது? ஆசாரி கடையில்தான். காகிதத்தில் மடித்துக் கொண்டு போய் வைத்தேன். "கல் வைத்த தோடா, கறுப்பாக இருக்கிறதே?" என்று கேட்டார். வலப்பக்க ஜோடி 6.2 கிராம், இடப்பக்க ஜோடி 8.3. வயதான மிதவை பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிட்டது. கனத்த மிதவை தாழ்ந்து மிதக்கும்; பெட்ரோல் வரும் வாயை ஊசி அடைக்காது; கிண்ணத்தில் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்கும். வேகமாக ஓடும்போது இயந்திரம் அதை விழுங்கிவிடுவதால் தெரிவதில்லை; மெதுவாக ஓடும்போது மூச்சுத் திணறுகிறது. கார்புரேட்டருக்கு அடியிலிருந்த தட்டு எப்போதும் ஈரமாகவே இருந்ததைப் பையன் பார்த்திருக்கிறான். கேட்கவில்லையே என்று சொல்லவில்லையாம்.

புது மிதவைகள் போட்டாயிற்று, நடுக்கம் போயிற்று. ஆனால் அன்று இரவு உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன், தூக்கம் போயிற்று. "இங்கே குவீன்ஸ்லாந்தில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் மலிவாகக் கிடைக்கிறது, அதைத்தான் இப்போது ஊற்றுகிறேன்" என்று ஒரு வரி. இன்னோர் இடத்தில், மத்தியானம் இறங்கி, கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பியபோது இயந்திரம் இரண்டு முறை "கொட்டாவி விட்டது" என்று கேலியாக ஒரு வரி. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நீ அவற்றைச் சேர்த்துப் படிக்கவில்லை.

பெட்ரோல்மேல் அவசரப்பட்டுப் பழி போட்டவன் மறுபடியும் அதையே செய்கிறான் என்று நினைக்காதே. உன் விமானத்தின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இயந்திரம் ஆக்டேன் 95 கேட்கிறது. ஆக்டேன் என்பது பெட்ரோல் தாறுமாறாக வெடிக்காமல் தாங்கும் அளவு. உங்கள் இ10 பம்பில் பெரும்பாலும் 94 என்றுதான் எழுதியிருக்கும். ஒன்றுதானே குறைவு என்பாய். முழு விசையில் ஏறும்போது வெடிப்பு தாறுமாறாக நடந்தால் காரில் அந்தத் தட்டல் காதில் விழும். காற்றாடிச் சத்தத்தில் உனக்குக் கேட்காது, பிஸ்டனுக்குத்தான் தெரியும். எத்தனால் பத்து விழுக்காடு வரைக்கும் இயந்திரத்துக்குச் சம்மதமே. ஆனால் உன் தொட்டியை இயந்திரக்காரர்களா செய்தார்கள்? நீயே கண்ணாடி இழையும் பிசினும் பூசிச் செய்தாய். சில பிசின்களை எத்தனால் இளக்கிவிடும். இளகியது கார்புரேட்டரில் போய் ஒட்டும். எந்தப் பிசின் என்று டப்பாவைத் தேடிப் பார். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால், குளிர்ந்த இரவில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் இறங்கிவிடும். உன் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் குறைந்து போகும்.

கொட்டாவி விஷயம் வேறு. பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் சேர்ந்தால் அது சீக்கிரம் ஆவியாகும். இயந்திரத்தின் சூடான மூடிக்குள் குழாயிலேயே ஆவியாகி நின்றால் பம்பு பெட்ரோலைத் தள்ளாது, ஆவியைத்தான் தள்ளும். சூட்டில் மட்டும் வந்து, குளிர்ந்ததும் மறைகிற குறை என்றால் நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். குழாய் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போகிறதா, மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறாயா என்று பார்.

இங்கே நம் பட்டறையில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் பத்து விழுக்காடானபோது, பழைய லாரித் தொட்டிகளில் வருடக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கெல்லாம் இளகி வந்து வடிகட்டியை அடைத்தது. லாரி வழியில் நின்றால் மண்டோரிடம் திட்டு வாங்குவதோடு சரி.

அதற்காக விமானப் பெட்ரோலுக்கு ஓடாதே. 100 எல்எல் என்பதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதையே ஊற்றினால் பிளக்கிலும் எண்ணெயிலும் ஈயம் படியும். 100 மணிக்கு மாற்றும் எண்ணெயை 50 மணியிலேயே மாற்ற வேண்டும். அவசரத்துக்கு நல்லது, அன்றாடத்துக்கு வேண்டாம். எத்தனால் இல்லாத 98தான் உனக்கு ஏற்றது. பம்பில் எழுதியிருப்பதை நம்பாதே. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி, நிற்க வை. தண்ணீர் 10லேயே நின்றால் நல்லது. 18, 19 என்று ஏறியிருந்தால் எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தக் குழாய் என்ன காட்டியது, எட்டு பிளக்குகளும் என்ன நிறம் என்று எழுது. அதுவரை பறக்காதே. தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ மறைப்பாய் என்பதால் அவளுக்குத் தனியாகவும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மிதவைகளையும் நிறுத்துப் பார். உங்கள் ஊரில் ஆசாரி கடை இல்லையென்றால் தபாலில் அனுப்பு. நம் ஆள் இன்னும் கூலி கேட்க ஆரம்பிக்கவில்லை.

அன்புடன்,
கோவிந்து