நாத்திகர் தோளில் இருக்கும் மூட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாத்திகமும் ஒரு மதம்தான், கடவுளை மறுக்கிறவர் கூடவே வேறு நம்பிக்கைகளையும் ஒரு மூட்டையாகச் சுமந்துகொண்டுதான் வருகிறார் என்று சென்ற இதழில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். மூட்டை இருப்பது உண்மைதான். அது கடவுள் மறுப்பிலிருந்து வந்தது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையை அவர் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வரும் மணிமேகலை, நிலம், நீர் முதலான பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதியிடமும் வருகிறாள். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது மதுவில் வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. இம்மையைத் தவிர வேறில்லை, மறுமையில் வினைப்பயன் துய்ப்பது பொய் என்கிறான் அவன். அவள் சிரித்துவிடுகிறாள். கண்ணால் கண்டதை மட்டும்தான் ஏற்பாய் என்றால், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

இதில் வேடிக்கை, அவள் சார்ந்த பௌத்தத்திலும் உலகைப் படைத்த இறைவன் கிடையாது. (காப்பியத்தில் தேவதைகளுக்குப் பஞ்சமில்லை, அது வேறு விஷயம்.) படைத்தவன் இல்லை என்பதில் இருவரும் ஒரே கட்சி. ஆனால் மறுபிறப்பு, வினை, வாழும் நெறி எல்லாவற்றிலும் எதிரெதிர். சமணருக்கும் படைப்புக் கடவுள் இல்லை. வேதமே கதி என்றிருந்த மீமாம்சகர்களுக்கும் தேவைப்படவில்லை. கடவுள் இல்லை என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இவர்களில் எவர் கொள்கையையும் ஊகிக்க முடியாது.

கட்டுரையாளரின் குறி இவர்கள் அல்ல, பெரியார் வழிவந்தவர்கள் என்பது தெரிகிறது. அவர்களுக்கு முழுமையான ஓர் உலகப் பார்வை உண்டு. சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, சடங்கு மறுப்பு எல்லாம் அதில் அடக்கம். கேள்வி கேட்டால் மட்டும் 'எங்களுடையது வெறும் மறுப்புதானே' என்று நழுவும் நண்பர்கள்மீது எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் பெரியார் நடந்த வழியைப் பாருங்கள். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்கான போராட்டம். அடுத்து, சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்த சச்சரவு. 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் சாதிவாரியாக இடங்களைப் பகிரக் கோரும் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் காங்கிரசைவிட்டு வெளியேறினார். சாதியை உடைக்கப் புறப்பட்டவர், அதைத் தாங்கி நிற்கும் மதத்தையும், மதத்தைத் தாங்கி நிற்கும் கடவுளையும் எதிர்க்க வேண்டியதாயிற்று. அவருடைய மற்ற நம்பிக்கைகளிலிருந்துதான் நாத்திகம் வந்ததே ஒழிய, நாத்திகத்திலிருந்து அவை வரவில்லை. இந்துத்துவக் கொள்கையை வகுத்த சாவர்க்கரும் நாத்திகர் என்றே அறியப்பட்டவர். அவர் போய்ச் சேர்ந்த இடம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

என் உறவினர் ஒருவர் கறுப்புச் சட்டைக்காரர். மகள் திருமணத்தை வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தார். தாலி இல்லை, மாலை மாற்றியதோடு சரி. (1967இல் அண்ணா ஆட்சி இத்தகைய திருமணங்களைச் செல்லுபடியாக்கிய பிரிவு இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதன் கணக்கில் மணமக்கள் 'இரண்டு இந்துக்கள்'!) வாழ்த்திப் பேசியவர்கள் எல்லாம் அவருடைய துணிவைப் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளையோ சொந்தச் சாதி, அதிலும் உட்பிரிவு வரை பார்த்துத் தேடிப் பிடித்தவர். பந்தியில் மெல்லக் கேட்டேன். "பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டாமா?" என்றார். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு இன்றுவரை துளி ஐயம் கிடையாது. சாதியை விடச் சொல்லி அந்த உறுதி அவரை ஒருநாளும் வற்புறுத்தவில்லை.

கடவுள் இல்லாவிட்டால் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்றும் கட்டுரையில் கேட்டிருக்கிறார். கடவுள் நம்பிக்கையுள்ள என் ஊர்க்காரர்களின் வட்டிக் கணக்கைப் பார்த்தபின் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் தோன்றவில்லை.

அடுத்த முறை 'நாத்திகர்கள்' என்று மொத்தமாகச் சாடாமல், யாருடைய எந்தக் கொள்கை தவறு என்று குறிப்பிட்டு எழுதினால், நானும் கட்டுரையாளரோடு சில இடங்களில் சேர்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.