ஜீப் உரிமையாளர் ஓட்டுநர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அங்கேயும் நீல டிக் மட்டும்தான் விழும் என்பது தெரிந்ததே.

செயற்குழு ஏழு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது. பவானிசாகரில் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம்.

அப்புறம், ஆற்றில் தண்ணீரின் ஆழம் பார்க்க நட்ட அளவுக்கம்பம். 'குழாய் நட்டதுதான் சங்கத்தின் சாதனையா?' என்று டீக்கடையில் பேச்சு நடப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஜீப்புகள் இறங்கிக் கடக்கிற மாயாற்றில் தண்ணீர் மழைக்கு மட்டும் ஏறுவதில்லை, மேலே மின் நிலையத்தில் திறந்தாலும் ஏறும். இங்கே வெயில் காயும். காலையில் முழங்காலளவு இருந்த இடத்தில் மாலையில் இடுப்பளவு நிற்கும். தெரியாத தண்ணீரில் முதலில் கம்பு ஊன்றி நடந்து பார்த்துவிட்டு வண்டியை இறக்கு என்பார்கள். சரி, முதலை கிடக்கிற ஆற்றில் யார் நடப்பது? கரையில் நின்றே ஆழம் தெரிய வேண்டும் என்றுதான், ஐந்து மாதம் அனுமதிக்கு அலைந்து, தெங்குமரஹாடா பரிசல் துறைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டோம். ஒன்றரை அடிவரை வெள்ளை, இரண்டடிவரை மஞ்சள், அதற்குமேல் சிவப்பு. புது மஹிந்திரா தார் ஜீப்புக்கே இறங்கலாம் என்று கம்பெனி சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்று மேல். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தாலே வண்டியைத் தூக்கிவிடும். நம்மிடம் இருப்பதோ பழைய மேஜர், கமாண்டர் ஜீப்புகள்.

ஆகஸ்டில் ஓர் உறுப்பினர் (பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார்) சிவப்பு பாதி முங்கியிருந்தபோது இறங்கினார். இறங்கியதும் வேகமாக. அலை பானெட்டுக்கு மேல் ஏறி, ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் நடு ஆற்றில் இன்ஜின் நின்றது. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். மூன்று முறை சாவியைத் திருகினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. உள்ளே எட்டுப் பேர், இரண்டு ரேஷன் மூட்டை. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். கரையில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயில் தண்ணீர் கலந்து பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. செலவில் பாதியைச் சங்கம் தர வேண்டும் என்றார். அவரது சந்தா பாக்கி பதினான்கு மாதம்.

இதற்காகவே நவம்பரில் ஒரு ஞாயிறு பயிற்சி வைத்தேன். உறுப்பினர் 41 பேர், வந்தது 9 பேர், அதில் இருவர் பிரியாணிக்கு. வராதவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். மேடேறி வந்த சூட்டோடு இறங்காதீர்கள். சூடான கிரவுன் (அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) சட்டெனக் குளிர்ந்தால் அதன் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நான்கு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டு, மெதுவான லோ நிலையில் முதல் கியர், நடக்கிற வேகம். அலை வண்டிக்கு முன்னால் போக வேண்டும், மேலே ஏறக் கூடாது. நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள். கண்ணாடி இறங்கியிருக்கட்டும். இன்ஜின் நின்றால் சாவியைத் தொடாதீர்கள், ஆளை இறக்குங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளர் நோட்டில் உள்ளது, கேட்பவர்கள் பார்க்கலாம். சந்தா பாதிப்பேரிடம்தான் வசூலானது. கையிருப்பு சொல்லும்படி இல்லை. குழாய், சிமெண்ட், பெயிண்ட் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

டிராக்டர் தந்தவருக்கும், தினமும் தண்ணீர் மட்டம் சொல்லும் பரிசல்காரர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், டீக்கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். யாராவது முன்வந்தால் ரசீது புத்தகத்தை இன்றே கொடுத்துவிடுகிறேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், ஒருவரும் கை தூக்கவில்லை. அக்டோபர் வெள்ளத்தில் கம்பம் சாய்ந்திருக்கிறது. ஜூன் மழைக்குள் நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போட வேண்டும். அதற்கு நான்கு ஆட்களும் பாக்கிச் சந்தாவும் தேவை. பெயிண்ட் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, பிரஷ் மட்டும் ஆளுக்கொன்று கொண்டு வரவும்.

செயலாளர்