சமன் குறியை வெட்டாதீர்கள்: வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தவணைப் பரீட்சையின் கணித வினாத்தாளையும் புள்ளி வழங்கும் திட்டத்தையும் தயாரித்த குழுவினருக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

கொழும்பில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் சிலவற்றுக்கு இம்முறை வந்த தரம் 11 தாளின் மீளும் தசம வினா உங்களுக்கு நினைவிருக்கும். (அ) பகுதியில் 0.333… ஐப் பின்னமாக எழுதக் கேட்டிருந்தீர்கள். (ஆ) பகுதியில் அதே முறையால் 0.999… இன் பெறுமானத்தைக் காணச் சொல்லியிருந்தீர்கள். புள்ளித் திட்டத்தில் முதலாவதற்கு விடை "= 1/3". இரண்டாவதற்கு "≈ 1", அதாவது அண்ணளவாக 1. கீழே ஒரு குறிப்பு: "= 1 என எழுதியிருப்பின் 2 புள்ளிகள் குறைக்க." அந்தக் குறிப்பை நீக்கி, வெட்டிய புள்ளிகளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

திருத்தி வந்த ஒரு விடைத்தாளைச் சொல்கிறோம். பிள்ளை x = 0.999… என்று எடுத்திருக்கிறது. அடுத்த வரி 10x = 9.999…. இரண்டையும் கழிக்க 9x = 9. ஆகவே x = 1. நான்கு வரி, எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. கடைசி வரியின் சமன் குறியைச் சிவப்பு மையால் குறுக்கே வெட்டி, மேலே இரண்டு நெளிகோடு போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் சற்று மேலே, அதே நான்கு வரியில் 9x = 3, x = 1/3 என்று முடித்த விடைக்கு முழுப்புள்ளி. சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்த பிள்ளைக்கு ஓரிடத்தில் சரி, நான்கு விரற்கடை தள்ளிப் பிழை. "ஏன் ரீச்சர் வெட்டினவை?" என்று அது கேட்டால் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்ல எங்களிடம் மறுமொழி இல்லை.

1/3 = 0.333… என்பதை நீங்களே சமன் குறியோடு ஏற்றிருக்கிறீர்கள். இருபக்கமும் 3 ஆல் பெருக்குங்கள். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0.999…. இரண்டாவதை அண்ணளவு என்றால் முதலாவதையும் அண்ணளவு என்றுதான் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் விகிதமுறு எண்கள் பற்றிய அலகையே திருப்பி எழுத வேண்டிவரும்.

குழப்பம் எங்கே பிறக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். 0.9, 0.99, 0.999 ஒவ்வொன்றும் 1 இலும் சிறியது, ஆகவே 0.999… உம் சிறியதாய்த்தான் இருக்கவேண்டும் என்று மனம் சொல்கிறது. ஆனால் அந்த வரிசையின் எந்த ஓர் உறுப்பும் 0.999… ஆகாது. 0.999… என்று எழுதுவது 9/10 + 9/100 + 9/1000 + … என்ற முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகையை. முதலாம் உறுப்பு 9/10, பொது விகிதம் (ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததைப் பெறப் பெருக்கும் எண்) 1/10. தரம் 11 பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல் விருத்திச் சூத்திரத்தில் இட்டால் முதல் n உறுப்புகளின் கூட்டுத்தொகை 1 − 1/10ⁿ. மூன்று உறுப்பில் 1 இற்கு 0.001 குறைவு, ஆறு உறுப்பில் 0.000001 குறைவு. இப்போது 0.999… உண்மையிலேயே 1 இலும் சிறியது என்று வையுங்கள். வித்தியாசம் ஒரு நேர் எண்ணாக இருக்கவேண்டும். அதே எண் 1/10, 1/100, 1/1000 என்று போகும் எல்லாவற்றிலும் சிறியதாகவும் இருக்கவேண்டும். மெய்யெண்களுக்குள் அப்படி ஒரு நேர் எண் கிடையாது. வித்தியாசம் பூச்சியம். சமன் குறி சரி.

பத்தால் பெருக்கிக் கழிப்பது நிறுவலாகாது என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டதாக அறிகிறோம். அதில் நியாயம் இருக்கிறது. x = 1 + 2 + 4 + 8 + … என்று எடுத்து 2 ஆல் பெருக்கினால் 2x = x − 1, ஆகவே x = −1. நேர் எண்களைக் கூட்டி மறை எண் வந்து நிற்கிறது. அந்தத் தொடர் எந்த எண்ணையும் அணுகுவதில்லை. இல்லாத கூட்டுத்தொகைக்கு x என்று பெயர் வைத்ததுதான் பிழை. பொது விகிதம் −1 இற்கும் 1 இற்கும் இடையில் இருந்தால்தான் அந்தக் கழித்தல் செல்லும். 0.999… இல் விகிதம் 1/10 என்பதால் செல்லும். இந்தக் கண்டிப்புத்தான் உங்கள் நோக்கம் என்றால், விகிதத்தைக் குறிப்பிடும் ஒரு வரியைக் கேட்டு அதற்கு 2 புள்ளி ஒதுக்குங்கள். சரியான விடையில் கைவைக்காதீர்கள்.

இதை வகுப்பில் சொல்லாமல் விடுவதன் பலன் உயர்தரத்தில் தெரிகிறது. உறுப்புகள் பூச்சியத்தை அணுகினால் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஓர் எண்ணை அணுகும் என்று நம்பிக்கொண்டு பிள்ளைகள் இணைந்த கணிதத்துக்கு வருகிறார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 + … இன் உறுப்புகள் தேய்ந்துகொண்டே போகின்றன. கூட்டுத்தொகை 10 ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனாலும் அது எல்லையின்றி வளர்கிறது. 1 + 2 + 3 + … = −1/12 என்று கைபேசியில் வரும் காணொளியை அப்படியே நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இராமானுஜன் 1913 இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு அதை எழுதியபோது, தம் கோட்பாட்டின்படி என்ற நிபந்தனையோடுதான் எழுதினார். அந்த நிபந்தனையைப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அச்சையும் சொல்லியே ஆகவேண்டும். மீளும் இலக்கத்தின் தலையில் இடும் புள்ளி தட்டச்சில் விழுந்துபோகிறது. 6 மட்டும் மீளும் 0.1666… வெறும் 0.16 என்று அச்சானால் விடை 4/25. இரண்டு இலக்கத்துக்கும் புள்ளி விழுந்தால் 16/99. கேட்க நினைத்ததோ 1/6: 100x = 16.666…, 10x = 1.666…, கழித்தால் 90x = 15. ஒரு புள்ளியின் இடத்தைப் பொறுத்து மூன்று விடை. தலைப்புள்ளியைக் கைவிட்டு, மீளும் இலக்கத்தை மூன்று தரம் எழுதி "…" இட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வேறு முறைப்பாடுகளுக்குப் போய்விட்டோம், பொறுத்தருள்க. கேட்பது ஒன்றே. (ஆ) பகுதியின் விடையை "= 1" என்று திருத்தி, குறிப்பை நீக்கி, பாடசாலைகளுக்கு ஒரு திருத்த அறிவித்தல் அனுப்புங்கள். புள்ளிப் பதிவேடு மூடுமுன் அனுப்பினால் விடைத்தாள்களை நாங்களே எடுத்து 2 புள்ளிகளையும் சேர்த்துவிடுவோம். உங்களுக்கு மேலதிக வேலை வராது. தயவுசெய்து செய்து தாருங்கள்.

இவ்வண்ணம்,
கொழும்பில் தமிழ்மொழி மூலம் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்