மைக்ரோபிராசசர் ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

8086 என்ற பழைய இன்டெல் மைக்ரோபிராசசருக்கு நிரல் எழுதப் பழகும் ஆய்வகத்தில் 'ஸ்ட்ரிங் மேனிபுலேஷன்' என்றொரு பயிற்சி வரும்; மெமரியில் இருக்கும் ஒரு சொல்லை நகலெடுப்பது, மாற்றுவது போன்ற வேலை. நான் படித்தபோது ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அதை அப்படியே தட்டினேன்; ஒரு வரி விட்டுப்போனது. நகலெடுக்க வேண்டிய சொல் போய்ச் சேரவே இல்லை. "சரியாகப் பார்த்து எழுது" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

விட்டுப்போனது, இஎஸ் ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) டேட்டா செக்மென்ட்டின், அதாவது நம் தரவு இருக்கும் மெமரிப் பகுதியின், முகவரியை ஏற்றும் வரி. ஒரு பைட்டை நகலெடுக்கும் மூவ்எஸ்பி கட்டளை, எஸ்ஐ ரெஜிஸ்டர் காட்டும் பைட்டை டிஎஸ் செக்மென்ட்டிலிருந்து எடுக்கும். ஆனால் அதை வைக்க, டிஐ ரெஜிஸ்டர் காட்டும் இடத்தை இஎஸ் செக்மென்ட்டில்தான் தேடும். டாஸ் இயங்குதளத்தில் ஓர் இஎக்ஸ்இ நிரல் தொடங்கும்போது இஎஸ், அந்த நிரலைப் பற்றிய குறிப்புகளை டாஸ் வைத்திருக்கும் பிஎஸ்பி என்ற 256 பைட் பகுதியின் தொடக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். என் சொல் அங்கே போய் விழுந்திருக்கிறது. இது எனக்குப் புரிந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அன்றைக்கே யாராவது மெமரியைத் திறந்து காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதனால் கேட்கிறேன்: சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணிக்கை தீரும்வரை மூவ்எஸ்பியைத் திரும்பத் திரும்பச் செய்யும் ரெப் மூவ்எஸ்பியை முதல் நாளே கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மாணவர் தன் பெயரை மெமரியில் பார்க்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'உஷா' என்று வைத்தால் 55 53 48 41 என்று நான்கு பைட்டுகள், ஹெக்ஸில் (பதினாறின் அடிமான எண்முறையில்). சிறிய எழுத்தில் வைத்தால் 75 73 68 61. ஒவ்வொன்றிலும் வித்தியாசம் ஹெக்ஸில் 20. இதைத் தானே கண்டுபிடித்த மாணவருக்கு 'சிறிய எழுத்தைப் பெரிதாக்கு' என்ற பயிற்சியில் மனப்பாடம் செய்ய ஒன்றும் இருக்காது. லோட்எஸ்பியால் ஒரு பைட்டை ஏஎல் ரெஜிஸ்டருக்குக் கொண்டுவந்து, ஹெக்ஸ் 20 கழித்து, ஸ்டோஸ்பியால் திருப்பி வைத்து, நான்கு முறை சுற்றினால் போதும். மூவ்எஸ்பி இருக்கும்போது இந்த இரண்டு கட்டளைகள் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடும்: பைட் வழியில் நம் கைக்கு வந்து போகிறது.

அப்புறம் ரெப் மூவ்எஸ்பியைக் கொடுங்கள். ஆனால் அது தவறிப்போகும் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதே 'உஷா'வை ஓர் இடம் தள்ளி, தன் மேலேயே நகலெடுக்கச் சொல்லுங்கள். டைரக்‌ஷன் ஃபிளாக் (நகல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் குறி) சுழியாக இருந்தால் நகல் முன்னிருந்து ஓடி, 55 55 55 55 55 என்றுதான் வரும், ஏனென்றால் அடுத்துப் படிக்க வேண்டிய பைட்டை முந்தைய நகல் அழித்துவிடுகிறது. அந்த ஃபிளாக்கை ஒன்றாக்கும் எஸ்டிடி போட்டு, எஸ்ஐ, டிஐ இரண்டையும் கடைசி பைட்டில் நிறுத்திப் பின்னிருந்து வந்தால் சரியாகும். வேலை முடிந்ததும் அதைத் திரும்பச் சுழியாக்கும் சிஎல்டி போட மறந்தால் அடுத்த நகல் தலைகீழாக ஓடும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு ஆசை. சொல்லைத் திருப்பி எழுதும் பயிற்சியை ஒருமுறை தமிழில் செய்து பாருங்கள். 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். அந்தக் குறியீடுகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பைட் பைட்டாகத் திருப்பினால் அது எழுத்தாகவே இருக்காது. குறியீடு குறியீடாகத் திருப்பினாலும் புள்ளி முன்னால் வந்துவிடும், மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுத்து வேறு, பைட் வேறு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு இது சொந்த மொழியிலேயே கிடைக்கிறது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டளையின் விரிவாக்கத்தைக் கேட்காமல், ஒரு காகிதத்தில் எட்டுக் கட்டம் போட்டுக் கொடுங்கள். ரெப் மூவ்எஸ்பி ஓடி முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கும், சிஎக்ஸில் என்ன இருக்கும் என்று மாணவர் நிரப்பட்டும்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவன்