எங்க அண்ணனோட கடைசி ஆசையை நிறைவேத்தி வச்ச எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் தவறினதுக்கு அப்புறம் ஃபோன் பண்ணவங்க, வந்து கூட நின்னவங்க யாருக்கும் சரியா பதில்கூட சொல்ல முடியல. இப்பதான் கொஞ்சம் தெளிவா இருக்கு, அதான் எழுதுறேன்.

அண்ணன் அமெரிக்க ஆர்மில இருந்தவர், 1991 வளைகுடா போருக்குப் போய் வந்தவர்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். குவைத்ல அறுநூறுக்கும் மேல எண்ணெய்க் கிணத்துக்கு ஈராக் படை தீ வச்சுட்டுப் போச்சே, அந்தப் புகைல நடுப்பகல்லயே ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டினோம்னு சொல்லுவார். நெர்வ் கேஸ்ங்கற நரம்பைத் தாக்கற விஷ வாயுல இருந்து காப்பாத்தன்னு கொடுத்த பிரிடோஸ்டிக்மின் மாத்திரை, டென்ட்டுக்குள்ள அடிச்ச பூச்சி மருந்து, அந்த மார்ச் மாசம் ஈராக்ல கமிசியாங்கற ஆயுதக் கிடங்குல ராக்கெட்டை எல்லாம் வெடிச்சு அழிச்சப்போ வெளிய வந்த சாரின்ங்கற விஷ வாயு, இதுல எது யாரை என்ன பண்ணுச்சுன்னு இன்னும் ஆராய்ச்சி ஓடிட்டுதான் இருக்கு. ரொம்ப வருஷம் கழிச்சு அண்ணனுக்கு ஏ.எல்.எஸ். வந்துச்சு, தசையை இயக்கற நரம்பு செல்கள் செத்துப்போய் கை, கால், பேச்சு, மூச்சுன்னு கொஞ்சம் கொஞ்சமா முடங்கற வியாதி. ராணுவத்துல இருந்தவங்களுக்கு இந்த வியாதி அதிகமா வருதுன்னு பார்த்துட்டுதான் 2008ல வி.ஏ., அதாவது முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்துக்கற அமெரிக்க அரசுத் துறை, இதை சர்வீஸோட சம்பந்தப்பட்ட வியாதின்னே ஏத்துக்கிச்சு. ஆனா ஏன் வருதுன்னு கேட்டா பதில் இல்ல, அந்தப் பதில் கிடைக்கணும்னுதான் அண்ணன் தன்னோட மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ச்சிக்காக இறந்தவங்க மூளையைச் சேத்து வைக்கற வி.ஏ. பிரெயின் பேங்க்குக்கு எழுதி வச்சார்.

முதல் நன்றி அந்த பிரெயின் பேங்க் கோஆர்டினேட்டர் அம்மாவுக்கு. கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சோம், அப்படி இல்ல, இடைக்கிடை ஃபோன் பண்ணி முழுங்க முடியுதா, படுக்கைல தானா திரும்ப முடியுதா, மூச்சு எப்படி இருக்குன்னு கேட்டுக் குறிச்சுப்பாங்க, ஏன்னா உயிரோட இருந்தப்போ வியாதி எப்படிப் போச்சுங்கற விவரம் கூட இருந்தாதான் அந்தத் திசுவுக்கு முழு மதிப்பு. கடைசில அண்ணன் கண்ணாலயே எழுத்தைப் பார்த்துப் பார்த்து டைப் பண்ற மெஷின்லதான் பேசினார், ஒரு வரிக்கு அவ்ளோ நேரம் ஆகும். நாங்க யாராவது குறுக்க பதில் சொல்லப் போனா, "இருங்க, அவரே சொல்லட்டும்"னு லைன்லயே அமைதியா காத்திருப்பாங்க அவங்க. அண்ணனை அவங்க ஒரு நோயாளியா நடத்தல, ஆராய்ச்சில கூட வேலை செய்யறவர் மாதிரி நடத்தினாங்க. இதை நான் எப்பவும் மறக்க மாட்டேன்.

அப்புறம் அப்பா. "உடம்பை முழுசா அனுப்ப வேண்டாமா, முகம் என்னமா ஆகும்"னு கேட்டுட்டே இருந்தார். அவர்கிட்ட பொறுமையா உக்காந்து, தலைக்குப் பின்பக்கமாதான் எடுப்பாங்க, முகத்துல எதுவும் தெரியாது, எல்லாரும் பார்க்கற மாதிரி வைக்கலாம், குடும்பத்துக்கு ஒரு செலவும் கிடையாதுன்னு விளக்கின ஹாஸ்பிஸ் (கடைசி கால பராமரிப்பு) நர்ஸுக்கு நன்றி. எல்லாம் கேட்டுட்டு கடைசில "அவன் ஆசைப்படி செய்யுங்க"ன்னு சொன்ன அப்பாவுக்கும் இங்கயே நன்றி சொல்லிக்கறேன், பெத்தவருக்கு அது லேசான வார்த்தை இல்ல.

அன்னைக்கு ராத்திரி நடந்ததுதான் பெருசு. உயிர் போனதுல இருந்து ஒவ்வொரு மணி நேரமும் திசு கெட்டுட்டே வரும், 24 மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும், அதுவும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அண்ணி அழுதுட்டே பிரெயின் பேங்க் நம்பருக்குப் போட்டாங்க, அந்த நேரத்துலயும் உடனே எடுத்தாங்க. தூக்கத்துல இருந்து எழுந்து வண்டி எடுத்துட்டு வந்த ஃப்யூனரல் ஹோம் தம்பி, விடியறதுக்குள்ள வேலையை முடிச்ச டெக்னீஷியன், ஐஸ்ல வச்சு அனுப்பினவங்க, உங்க பேர்கூட எங்களுக்குத் தெரியாது. பொதுவா மூளைல ஒரு பாதியை ஃபார்மலின்ங்கற கெடாம வைக்கற திரவத்துல போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்களாம், இன்னொரு பாதியை ஸ்லைஸ் ஸ்லைஸா மைனஸ் 80 டிகிரில உறைய வச்சு, அனுமதி வாங்கின ஆராய்ச்சியாளர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கொடுப்பாங்களாம்.

ரிப்போர்ட் வந்தப்போ, அதை வரி வரியா ஃபோன்ல விளக்கின டாக்டருக்கு நன்றி. பெரும்பாலான ஏ.எல்.எஸ். கேஸ்ல பார்க்கற டிடிபி-43ங்கற புரதக் கட்டிகள் அண்ணனுக்கும் இருந்துச்சு, தண்டுவடத்துல தசையை இயக்கற நரம்பு செல்கள் ரொம்பக் கம்மியாயிடுச்சு. நோய் இதுதான்னு உறுதியா தெரிஞ்சதே அண்ணிக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா.

கடைசியா, அண்ணன் கூட ஒரே யூனிட்ல இருந்த நண்பருக்கு. அவருக்கு ஏ.எல்.எஸ். கிடையாது, ஆனாலும் தன் மூளையையும் கொடுக்க எழுதி வச்சுட்டார். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவங்க மூளையும் வேணும், அது இல்லாம எது வியாதியால ஆன மாற்றம், எது வயசால ஆனதுன்னு பிரிக்கவே முடியாது. அண்ணன் படுக்கைல இருக்கும்போதே அந்தச் செய்தியைச் சொன்னார், அண்ணன் ரொம்ப நேரம் கண்ணாலயே தட்டி "தேங்க்ஸ்டா"ன்னு அனுப்பினார்.

அப்பா, அண்ணி, பசங்க எல்லார் சார்பாவும் உங்க அத்தனை பேருக்கும் நன்றி. உங்க வீட்டுல யாராவது ராணுவத்துல இருந்து, இதுல சேரணும்னு நெனச்சா, எப்படிச் சேர்றதுன்னு என்கிட்ட கேளுங்க, எந்நேரமா இருந்தாலும் பேசறேன்.